கணக்கில் வராத தலைச்சன்

என் மாமியாரோடு டாக்டரிடம் போவதென்றால் வாயை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். எழுபதுகளின் கடைசி அது. எனக்கு ஐந்தாம் மாதம். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து பஸ் மாறி, அஸ்தம்பட்டியில் இருந்த டாக்டரம்மாவிடம் போனோம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு, வெளிப்பக்கம் அவர். நான் ஏதோ குதித்து ஓடிவிடுவேன் என்பதுபோல.

"எத்தனையாவது பிரசவம்?" டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்.

"தலைச்சனுங்க," என்றார் மாமியார்.

அதற்கு முன்பே, ஏழாம் மாதத்தில் எனக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்திருந்தது. மயங்கிக் கிடந்த நான் கண் விழித்தபோது, செத்தே பிறந்தது என்றார்கள், புதைத்தும் ஆகியிருந்தது. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. வயிற்றில் ஒன்று இருக்கும்போது போனதைப் பற்றி வாய் திறந்தால், இதுவும் அதன் பின்னாலேயே போய்விடுமாம். பேசாவிட்டாலும் போய்விடுமே என்று யாரிடம் சொல்வது? மாமியாரின் கை என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தது.

"தலைச்சன்னா பயமில்லை. அடுத்த மாசம் வாங்க," என்று டாக்டரம்மா பேனாவை மூடினார். இப்படியே வெளியே போனால் இந்தப் பிள்ளையும் தங்காது.

"இல்லீங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "முன்னால ஒண்ணு ஏழு மாசத்துலயே பொறந்துதுங்க. வலியே பெருசா இல்லீங்க, திடீர்னு வந்துருச்சு."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "உயிரோட பொறந்துச்சா?"

"இல்லீங்க," என்றேன்.

"உசுரு இருந்துதுங்க," என்றார் மாமியார். என் முழங்கையை விட்டுவிட்டார். "அழுதுச்சுங்க. கொஞ்ச நேரம் எம் மடியிலதான் கெடந்துச்சு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ தாங்கமாட்டியேன்னுதான் சொல்லாம உட்டுட்டேன், சாமி."

டாக்டரம்மா என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பரிசோதித்தார். கர்ப்பப்பை வாய் இப்போதே திறக்கப் பார்க்கிறது என்று தையல் போட்டார்கள். அப்புறம் வீட்டில், கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தி, பிரசவம் வரை படுக்கைதான். விட்டத்தில் பல்லி போவதும் வருவதும்தான் எனக்கு ஊர் நடப்பு. மாமியார்தான் சோறு ஊட்டினார். அந்தக் கை மேல் அவ்வளவு கோபம். அதை விட்டால் வேறு கையும் இல்லை. அவன் அழுதானாமே என்று நினைத்தால் அழுகை தொண்டை வரை வரும். வயிறு குலுங்கிவிடுமோ என்று பயந்து அடக்கிக்கொள்வேன்.

மாதம் நிறைந்து மகள் பிறந்தாள். அவள் வீறிட்டபோது நானும் சத்தம் போட்டு அழுதேன், அவனுக்காக.