கழுவிப் புதைத்த முட்டைகள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த ஆண்டில் மலாக்காவின் காஜா பெராங்கில் வாடகை டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பயம் மட்டும் நிற்கவில்லை. வண்டியைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனபின் திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பேன்.

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழ் டீச்சரும் அவர் கணவரும் மலாக்கா பார்க்க வந்தார்கள். அழுங்காமை முட்டையிடும் கரைக்குப் போக வேண்டும் என்றார் டீச்சர். முதுகு ஓட்டுக்காகப் பிடித்தும் முட்டையை விற்றும் அந்த ஆமையே இல்லாமல் போகிறதாம். விடிந்ததும் கூட்டிப் போனேன்.

கரையில் முட்டை எடுக்கும் குத்தகை ஜாலான் பெண்டஹாரா தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் கையில் இருந்தது. நாங்கள் போனபோது ஒரு குழியைத் தோண்டிக் கூடையை நிரப்பியிருந்தார்.

"பாய், சந்தை விலைய நான் தர்றேன். முட்டைய மணல்லயே போட்டுடுங்க" என்றார் டீச்சர்.

பாய் சிரித்தார். "சாப்பிடாத முட்டைக்குக் காசா? இப்படி ஒரு கஸ்டமர நான் பார்த்ததே இல்ல லா!"

"சிங்கப்பூர்ல எங்க வீட்டுக்கு வாடகை நான் கட்டுறேன். இவ ஆமைக்குக் கட்டுறா" என்றார் கணவர்.

டீச்சர் பேரம் பேசவில்லை. பர்ஸைத் திறந்து கொடுத்தார். அவ்வளவு காசு கொடுத்து வாங்கிய முட்டை கெட்டுப்போனால்? புதைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிசுபிசுப்பும் மணலுமாக இருந்தவற்றைக் கடல் நீரில் உருட்டி உருட்டிக் கழுவினேன், துண்டால் துடைத்தேன், கடையில் கோழி முட்டை அடுக்குவதுபோல் வரிசையாக வைத்து மூடினேன்.

"குளிப்பாட்டியாச்சு. பவுடர் போடலையா?" என்றார் பாய்.

டீச்சர் மட்டும், "பெத்தவங்க மாதிரி பாத்துக்கிறீங்கண்ணே" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அடுத்த விடுமுறையில், மெர்டேக்கா சுதந்திர நாளுக்காக ஊரே தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது, குஞ்சுகளைப் பார்க்க அவர்கள் மறுபடியும் வந்தார்கள். குஞ்சு வெளியே வரவே இல்லை என்றார் பாய். தோண்டினோம். வரிசை கலையாமல் அப்படியே இருந்தன. எல்லாம் சுருங்கி நாறின.

பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரர் என்ன செய்தோம் என்று விசாரித்தார். அவர் சொன்னதைப் பாய் தமிழில் சொன்னார்: "ஆமை முட்டைய உருட்டக் கூடாதாம்யா. கழுவவும் கூடாதாம். இருந்தபடியே வைக்கணுமாம்."

"டீச்சர், அந்தக் காச நான் டாக்சி வாடகையில கழிச்சுக்கிறேன்" என்றேன்.

"நீங்க வேணும்னா செஞ்சீங்க? எனக்கும்தான் தெரியல" என்றவர் பாய் பக்கம் திரும்பினார். "தோண்டாத குழி இருக்கா பாய்?"

பாய் ஒரு இடத்தைக் காட்டினார். டீச்சர் மறுபடியும் பர்ஸைத் திறந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த முறை தொடாமல் இருப்பதற்கே காசு கொடுத்தார்; அது யார் கைக்குப் பயந்து என்று எனக்குத் தெரியாதா?

"அண்ணே, நீங்களே ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்க" என்றார்.

"பாய் வைக்கட்டும் டீச்சர்."

அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மணலில் எந்த இடத்தில் மிதித்தால் அடியில் முட்டை இருக்குமோ என்று பயந்து, தண்ணீர் ஓரமாகவே சுற்றி நடந்து வண்டிக்குப் போய்விட்டேன்.