காப்பி மணக்கும் சட்டை

எங்கள் குளத்தூர்ப் பக்கத்தில் ரப்பர் வெட்டுகிற ஆள் வருவதைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ரப்பர்ப் பாலும் அதை உறைய வைக்கிற ஆசிடும் ஊறிய வாடை அவருக்கு முன்னால் வந்துவிடும். ராபின்சன் மாமாவுக்கு முப்பது வருட வெட்டு. அவர் மனைவி ஜெயபாய் மாமி அந்த வாடையோடுதான் குடும்பம் நடத்தினார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

மாமிக்கு வயிற்றில் கட்டி என்று திருவனந்தபுரத்தில் மருந்து ஏற்றத் தொடங்கியதும் எல்லாம் மாறியது. மாமா வாசலுக்கு வந்தாலே மாமிக்குக் குமட்டி ஓங்கரித்தது. எத்தனை சோப்புத் தேய்த்தும் வாடை போகவில்லை. மாமா வராந்தாவில் படுத்தார். ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் ஷார்ஜாவிலிருந்து வந்த மாமாவின் தங்கை மகன் வினீத் அவருக்கு ஒரு சென்ட் குப்பி கொடுத்தான். அக்கம்பக்கத்தில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எதை வாசிக்கவும் மாமா என்னிடம்தான் வருவார்.

"எலே மக்கா, இதுல என்ன எழுதியிருக்கு?"

"காப்பிக்கொட்டை மணமும் ஊது மணமும் உண்டாம் மாமா. ஊதுன்னா நம்ம அகில்கட்டை."

"குடிக்க உள்ள காப்பிய மேல தேய்க்கவா? கல்ஃப்காரனுக்குக் கொழுப்புதான்."

சொன்னாரே தவிர, அன்றைக்கே குளித்து, துவைத்த சட்டையில் இரண்டு முறை அடித்துக்கொண்டு, பயந்து பயந்து அறைக்குள் போனார். மாமிக்கு ஓங்கரிக்கவில்லை.

"என்ன, காப்பிக்கடை தொறந்தியளா?"

"ஒரே ஒரு ஆளுக்குள்ள கடையாக்கும்."

இரண்டு மாதம் அந்தக் கடை நடந்தது. வெட்டு முடிந்து வந்ததும் கிணற்றடி, சோப்பு, சட்டை, சென்ட். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மாமியின் காலைத் தடவிக்கொண்டிருப்பார்.

ஒரு காலை பத்து மணியிருக்கும். மகள் ரெஷ்மா போன் செய்தாள்.

"அப்பா, அம்மா உங்கள விளிச்சிட்டே இருக்கா. வேகம் வாருங்க."

பால் வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் அவர்கள் முற்றத்தில் நின்றிருந்தேன். வாசல்வரை போனவர் சட்டென்று நின்றார். சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"இப்படியே போங்க மாமா," என்றேன்.

"ஓங்கரிப்பா மக்கா. பாவம், அவளுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஜெயா, இந்தா வாறேன். ரெண்டே நிமிசம்."

நான்தான் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன். அவர் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். சட்டை மாற்றி, சென்ட் அடித்து, தலைகூடத் துவட்டாமல் வாசலேறும்போது ரெஷ்மா அலறினாள்.

சவப்பெட்டி மூடும் முன் உடம்பில் சென்ட் அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மறுநாள் சபை மூப்பர் வேதமாணிக்கம் சென்ட் கேட்டபோது, யாரோ அலமாரியிலிருந்த அந்தக் குப்பியையே எடுத்து நீட்டிவிட்டார்கள்.

"செத்த பொறுங்க மூப்பரே," என்று மாமா பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது, ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையில் தொங்கிக்கிடந்த வெட்டுச் சட்டையைப் போட்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள்.

"எலே ராபின்சா, இது என்ன கோலம்?" என்றார் மூப்பர்.

மாமா குனிந்து, மாமியின் கன்னத்தோடு கன்னம் வைத்து வெகுநேரம் அப்படியே கிடந்தார்.

"இனி இவளுக்கு ஓங்கரிக்காதுல்லா மூப்பரே."

மூப்பர் குப்பியை மூடினார்.