ஆட்காட்டி யாரைக் காட்டியது?

ஊருக்குப் பொதுவான அந்தக் காட்டுக்கு மேலாளராக வந்த சில நாளிலேயே அவருக்கு ‘வேலி சார்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. எதைக் கண்டாலும் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடுவார். பூத்த செடிக்குக் கயிறு, சாய்ந்த மரத்துக்குக் கயிறு. ஒருமுறை பாம்புப் புற்றுக்குக் கட்டப்போய், குடியிருந்தவர் வெளியே வந்து ஆட்சேபம் தெரிவித்ததால் பாதியிலேயே திரும்பினார். ஓடுகிறவர், சைக்கிள் விடுகிறவர், பாய் விரித்துச் சாப்பிடுகிறவர், காதலிக்கிறவர் எல்லோரையும் உள்ளே விட்டுவிட்டு, யாருமே வராத மாதிரி காட்டை வைத்துக்கொள்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அந்த வருடம் குளத்தங்கரைப் புல்வெளியில் ஒரு ஆட்காட்டி முட்டையிட்டது. ஆள் வந்தால் கத்தி ஊரைக் கூட்டுகிற பறவை; பெயரே அதனால்தான். கூடு கட்டுகிற தொந்தரவெல்லாம் வைத்துக்கொள்ளாமல் வெறுந்தரையில், கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள். வேலி சார் உருகிப்போனார். குளத்துக்குப் போகும் வழியை மூடி, கயிறு கட்டி, ‘உள்ளே போகக் கூடாது’ என்று பலகை வைத்தார். பிறகு, மூடிய வழியில் யாரும் போகவில்லையே என்று பார்த்துவரத் தினமும் காலையில் அந்த வழியே போனார்.

போனதும் ஆட்காட்டி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். அவர் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். “எவனோ வர்றான்!” புதர் புதராகத் தேடுவார். ஒருவரும் சிக்க மாட்டார்கள். பலே கைகாரன் என்று முடிவுகட்டி, மறுநாள் இன்னும் சீக்கிரமாகப் போவார்.

கொஞ்ச நாளில் புல்லில் ஒற்றையடித் தடம் விழுந்தது. அவருக்கு ரத்தம் கொதித்தது. குறுக்கே முள்ளை வெட்டிப் போட்டார். மறுநாள் முள்ளைச் சுற்றிக்கொண்டு போனார். பிறகு தடமும் முள்ளைச் சுற்றிக்கொண்டு போனது.

“என்ன நெஞ்சழுத்தம் பாரு!” என்று வீட்டில் பொருமினார். வீட்டிலேயே துணி தைக்கும் அவர் மனைவி நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டார்:

“ஆள் கிடைச்சா என்ன பண்ணுவீங்க?”

“சும்மா விடுவேன்னு நினைச்சியா?”

அந்த வாரக் கடைசியில், தினமும் காட்டில் நடக்க வரும் கூட்டத்துக்குத் தலைவரான ஓய்வுபெற்ற பல் டாக்டர் காட்டு வாசலிலேயே வேலி சார் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“சார், குளத்துக்குப் புது வழி போட்டீங்களே, பிரமாதம்! முள்ளுகிட்ட ஒரு வளைவு வச்சீங்க பாருங்க, அங்கதான் சார் நீங்க நிக்கிறீங்க.”

“நான் எங்க போட்டேன்? அது மூடின வழி. பலகையப் பாக்கலையா?”

“பாத்தோமே. நீங்க தினம் போறதையும் பாத்தோம். சரி, பலகைய எடுக்க மறந்துட்டாரு போலன்னு நினைச்சுக்கிட்டோம். நேத்து பேரப் பசங்க அங்கதான் பந்து விளையாடினாங்க. அந்தக் குருவி என்னா கத்து கத்துது! இத்தனை பேருக்குப் பல்லு புடுங்கியிருக்கேன், ஒருத்தர் அப்படிக் கத்தினதில்ல.”

வேலி சார் ஓடினார். பறவை தலையைக் கொத்துவதுபோல் பாய்ந்து பாய்ந்து கத்தியது. தரையில் இரண்டு முட்டைகள்தான் இருந்தன. டாக்டரின் பரம்பரை முழுவதையும் வைதுகொண்டே வீடு திரும்பினார்.

“ஷூவ வெளியவே கழட்டுங்க,” என்றார் மனைவி. “அடியில என்னது, மஞ்சளா? காட்டுல ஆம்லெட் போட்டீங்களா?”

காலணியின் பள்ளத்தில் கல் நிறத்தில், கரும்புள்ளியோடு ஒரு ஓட்டுத்துண்டு அப்பியிருந்தது. வேலி சார் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாளும் அந்தப் பறவை சரியான ஆளைத்தான் காட்டியிருக்கிறது. ஒன்றுதான் என் காலில், இன்னொன்று பந்தில் போயிருக்கும் என்று மனதுக்குள் ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்த்தார். பந்துக்கு வழி காட்டியது யார் என்று கேட்டதும் வழக்கறிஞர் எழுந்து போய்விட்டார்.

“சும்மா விட மாட்டேன்னு...” என்று தொடங்கிய மனைவி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். “குடுங்க, நான் கழுவுறேன்.”

“வேணாம். நானே கழுவுறேன்.”

அதன்பிறகு தட்டில் முட்டை வைத்தால் நகர்த்தி வைத்தார். டாக்டரிடம் போய், “அந்த வழியப் போட்டது நான்தான். காலால போட்டேன்,” என்று ஒப்புக்கொண்டார். டாக்டர் சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு, தன் கூட்டத்தை வேறு பக்கம் திருப்பினார். ஊரைத் தடுப்பது அவ்வளவு சுலபமாக முடிந்தது. தன்னைத் தடுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மிச்சமுள்ள இரண்டும் பிழைத்தனவா என்று பார்க்கக் கால்கள் தினமும் காலையில் தாமாகவே குளத்துப் பக்கம் திரும்பின. கடைசியில் எழுந்ததும் காலணிகளை வாளித் தண்ணீரில் முக்கிவிட்டு, முள்ளுக்கும் புல்லுக்கும் உதவாத செருப்போடு, காட்டு வாசலில் இருந்த அலுவலகத்துக்குப் போகத் தொடங்கினார்.

“என்ன சார் செருப்பு? கால்ல ஏதும் குத்தலா?” என்று அலுவலகத்துக்கு வந்த டாக்டர் கேட்டார்.

“குத்தம், டாக்டர்.”

“குத்தலா, குத்தமா?”

“ரெண்டுந்தான்.”

“குஞ்சு பொரிச்சுதா?”

“தெரியாது.”

“மேலாளர் நீங்களே இப்படிச் சொன்னா எப்படி சார்?”

“எனக்குத் தெரியணும்னா நான் போகணும். நான் போனா...”

அப்போது குளத்துப் பக்கம் ஆட்காட்டி கத்தியது. விடாமல் கத்தியது. வேலி சார் எழுந்துவிட்டார்.

“யாரோ உள்ள போயிட்டான் சார்! ஓடுங்க!” என்றார் டாக்டர்.

நாயாக இருக்கலாம், காக்கையாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். வேலி சார் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் போனா இன்னும் கத்தும்,” என்று சொல்லிவிட்டு, மெதுவாக உட்கார்ந்தார்.