நூற்றைம்பது கிராம் புரோஷூட்டோ

சுவிற்சர்லாந்தின் கூர் நகரில், இத்தாலியக் கடையொன்றில் சிவகலா பதினொரு வருடமாக இறைச்சி சீவுகிறாள். உப்பிட்டு, மாதக்கணக்கில் காற்றில் உலர்த்திய பன்றித்தொடை, பெயர் புரோஷூட்டோ. சமைக்கவே தேவையில்லை. கடதாசிபோல மெல்லியதாகச் சீவி நாக்கில் வைத்தால் கொழுப்பு தானாக உருகும். இதை அவள் ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்வாள். நாற்பது பேருக்கும் விளங்கும். வீட்டிலிருக்கும் ஒருவருக்கு மட்டும் ஏறாது.

கணவர் சண்முகநாதன் பஸ் சாரதி. அவள் கடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் புரோஷூட்டோவை வெங்காயம், செத்தல் மிளகாயோடு தாச்சியில் போட்டுப் பொரிப்பார். போதாதென்று மேலே உப்பும் தூவுவார். இரத்த அழுத்தம் நூற்றெழுபது. மூன்று வாரத்தில் மறுபரிசோதனை. இறங்காவிட்டால் பஸ் ஓட்ட முடியாது என்று டொக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

“சீனி இல்லை, புரதம் கனக்க எண்டு நீர்தானே சனத்துக்குச் சொல்லுறனீர்?”

“அது ரெண்டு துண்டு தின்னுற சனத்துக்கு! நூறு கிராமிலை அஞ்சு கிராம் உப்பு. ஒரு நாளைக்குத் தின்னக்கூடிய உப்பு மொத்தமே அவ்வளவுதானப்பா!”

“வெள்ளிக்கிழமை மரக்கறிதானே, பிரஷர் தானா இறங்கியிருக்கும். டொக்டரைச் சனி காலமை பாப்பம்.”

சிவகலா தலையில் அடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டுக்கு ஒரு துண்டும் கொண்டுபோகவில்லை.

நான்காம் நாள் மதியம். கடை நிரம்பி வழிந்த நேரம் பார்த்து, கையில் இலக்கச் சீட்டோடு, சீருடையில் வந்து நின்றார் மனிதர். “நூற்றைம்பது கிராம் புரோஷூட்டோ” என்றார், ஜெர்மனில், படு மரியாதையாக. பக்கத்தில் முதலாளி. பின்னால் பன்னிரண்டு பேர்.

அவள் பல்லைக் கடித்தாள். இரண்டே துண்டு சீவி, ருசி பார்க்கக் கொடுப்பதுபோல் கடதாசியில் நீட்டினாள்.

“இஞ்சையே, என்ரை கண்ணுக்கு முன்னாலை தின்னுங்கோ. தாச்சியும் இல்லை, உப்புப் போத்தலும் இல்லை.”

வேறு வழியில்லாமல் நாக்கில் வைத்தார். மெல்ல மென்றார். இரண்டாவது துண்டுக்கு அவசரமே படவில்லை.

“இது பச்சையாவே இப்பிடி இனிக்குமோ?”

“பதினொரு வருசமாத் தொண்டை கிழியக் கத்துறன்!”

“வடிவாச் சொல்லியிருக்கலாமே. சரி, மிச்சத்தைச் சுத்தித் தாரும்.”

“மிச்சம் அடுத்த கிழமை. ரெண்டு துண்டு. இஞ்சை வந்து, இலக்கம் எடுத்து, வரிசையிலை நிண்டு.”

அவர் வாயைத் திறக்குமுன் அவள் பொத்தானை அழுத்தினாள். பலகையில் அடுத்த இலக்கம் எரிந்தது.