அலை இல்லாத படம்

சுனாமிக்கு அடுத்த வருடம் புதுச்சேரியில் ஓவியப் படிப்பை முடித்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பினேன். எங்கள் குப்பத்தில் அப்போதுதான் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அப்பாவுக்கு வேறு படகு வந்திருந்தது. அம்மா மறுபடியும் மீன் விற்கப் போகத் தொடங்கியிருந்தாள்.

அந்த நாட்களில் கடற்கரைப் பெண் ஒருத்தி வரைகிறாள் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் அலையைத்தான் கேட்டார்கள். நான் தயங்கினேன். என்னோடு படித்த சிதம்பரத்துக்காரன் ஒருவன் தயங்கவில்லை. கறுப்பு அலைகளாக வரைந்து தள்ளினான். சென்னைக் கண்காட்சியில் அத்தனையும் விற்றன, பேப்பரில் அவன் போட்டோ வந்தது. வயிறெரிந்தது எனக்கு. ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்து, சாயங்காலங்களில் மட்டும் வரைந்துகொண்டிருந்தேன்.

நாலைந்து வருடம் இப்படிப் போன பிறகு, சிதம்பரத்தில் கல்யாண மண்டபம் கட்டிய ஒருவர் எங்கள் மாவட்டத்து இளம் ஓவியர்களுக்கு ஒரு போட்டி வைத்தார். நல்ல படங்களைத் தேடி வாங்குகிறவர் அவர். ஜெயிக்கிற படம் மண்டபத்து முகப்பில் இருக்கும். வரைந்தவருக்கு ஒரு வருடத்துக்கு வேலை செய்ய ஓர் அறையும் அவர் செலவில் கிடைக்கும்.

இந்தத் தடவை நானும் அலையை வரைய உட்கார்ந்தேன். பாதி முடிந்திருந்தபோது அம்மா வந்து பின்னால் நின்றாள்.

"இத நம்ம வீட்ல மாட்டுவியா?" என்றாள்.

மாட்ட மாட்டேன் என்றேன்.

"அப்ப அவுங்களுக்கு மட்டும் எதுக்குக் குடுக்கற?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் துணியை மடித்து வைத்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சட்டத்தில் ஆணியடித்தேன்.

அம்மாவும் அவள் கூட்டாளிகள் ஐந்து பேரும் மத்தியானம் வியாபாரம் முடித்து, காலி அன்னக்கூடைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள். சில கண்டக்டர்கள் நாற்றம் என்று ஏற்ற மாட்டார்கள். ஏற்றாத பஸ்ஸைத் திட்டிவிட்டு இவர்கள் அதே மூச்சில் சிரிப்பார்கள். அதை வரைந்தேன், ஆளுயரத்துக்கு, ஆறு பேரையும். ஒருத்தி மூக்குத்தியைப் பெரிதாகப் போடச் சொன்னாள். இன்னொருத்தி உடைந்த பல்லை மறைக்கச் சொன்னாள். மூக்குத்தியைப் பெரிதாக்கினேன், பல்லை மறைக்கவில்லை.

முடிந்த படம் எந்த பஸ்ஸுக்குள்ளும் நுழையாது. மாமாவின் மீன் வேனைக் கழுவி அதில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போனோம். கண்காட்சி அறையில் என் படத்துக்குப் பக்கத்திலேயே சிதம்பரத்துக்காரனின் அலை மாட்டியிருந்தது. அழகாகவே வரைந்திருந்தான்.

மண்டபக்காரர் என் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"கடற்கரைக்காரங்க நீங்க. இவுங்க எதுக்கும்மா இப்படிச் சிரிக்கிறாங்க?"

"ஏவாரம் முடிஞ்சிடுச்சு சார். வீட்டுக்குப் போறாங்க," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். எல்லாப் படங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சாயங்காலம் மைக்கில் என் பெயரைச் சொன்னபோது மாமா அடித்த விசில் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

சிதம்பரத்துக்காரன் வந்து கைகொடுத்தான். "நான் அன்னிக்கு அலைய டிவியிலதான் பாத்தேன். நீ தெனம் பாக்கறத வரைஞ்சிருக்க. உன்ன எப்படி ஜெயிக்கறது?" என்றான். கையை விடாமல், அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றும் சொன்னான்.

முகப்பில் மாட்டிய பிறகு வந்த முதல் முகூர்த்தத்துக்கு மண்டபக்காரர் அந்த ஆறு பேரையும் அழைத்திருந்தார். பட்டுச்சேலையில் போனார்கள். கல்யாண வீட்டார் அவர்களைப் படத்தின் முன்னால் நிற்கவைத்துச் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உடைந்த பல்லுக்காரிதான் நடுவில் நின்று வாய்விட்டுச் சிரித்தாள்.

மண்டபக்காரர் தந்த அறை மாடியில் இருந்தது. நாலு பக்கமும் வெளிச்சம். பள்ளிக்கூட வேலையை விட்டேன். அடுத்த வருடம் சிதம்பரத்துக்காரன் சொன்னபடியே ஜெயித்தான், ஆனால் அலையால் அல்ல, தன் தெருவை வரைந்து. அதற்கடுத்து சென்னையில் எங்கள் இருவருக்கும் ஒரே கூடத்தில் எதிரெதிர்ச் சுவர் கொடுத்தார்கள். முதலில் விற்றது அவன் படம். கூடத்தை மூடும்போது என் சுவரில் விற்காத படம் ஒன்றுகூட இல்லை.