ஈ ஓட்டாத குதிரை

வந்த நாளன்று அந்தக் குதிரை ஈ ஓட்டவில்லை. புத்தூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் கட்டியிருந்தார்கள். கண்ணோரத்தில் நாலைந்து ஈக்கள் மொய்த்தன. அது வாலை ஆட்டவில்லை, காதைச் சிலுப்பவில்லை, தோலைக்கூடச் சுண்டவில்லை. பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் எல்லாரும் நல்ல சாதுக் குதிரை என்றார்கள். என் மாமனார் மட்டும் அதைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "சாதுவுமில்ல, ஒண்ணுமில்ல. பயந்துகினு நிக்குது" என்றார். அவர் சொன்னது சரிதான். அந்த மனிதரைப் பற்றி நான் சொல்லப்போகும் நல்ல வார்த்தை இது ஒன்றுதான்.

போன மாதம் திருப்பதியில் ஒரு கல்யாண வீட்டில், பழைய ஜட்கா ஸ்டாண்டு ஆள் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "உங்க மாமனாரு மாதிரி குதிர மனசு தெரிஞ்ச மனுசன் இந்த ஜில்லாவுலயே கெடயாதும்மா" என்று கண்ணீர் விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன்.

மாமனாருக்கு ஜட்கா வண்டி. ஸ்டேஷனில் ரயில் இறங்கும் ஜனங்களை நாராயணவனம் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போவார். புதுக் குதிரை வந்து ஒன்றரை மாதம் வரை அதை வண்டியில் பூட்டவே இல்லை. தினமும் காலையில் கயிற்றைத் தொளதொளவென்று விட்டுப் பிடித்துக்கொண்டு கொல்லையில் கூடவே நடப்பார். நிற்பார். அதுவும் நிற்கும். ஒரு அடி பின்னால் போகச் சொல்லி நெஞ்சில் விரலை வைப்பார், அது நகர்ந்த கணமே விரலை எடுத்துவிடுவார். பழைய கோணிப்பையை அதன் தோளருகே கொண்டுபோவார். அது மூச்சை அடக்கிக்கொண்டால் உடனே பின்வாங்கி முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது கண்ணை இமைக்கும்வரை, வாயை மென்று உதட்டை நக்கும்வரை, தலையைத் தாழ்த்திப் புஸ்ஸென்று பெருமூச்சு விடும்வரை காத்திருப்பார். வீட்டில் எங்களை அதட்டுவது தமிழில். குதிரையிடம் மட்டும் தெலுங்கில் கொஞ்சுவார். "மெல்லகா, பங்காரு, மெல்லகா." மெதுவாக, தங்கமே, மெதுவாக. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறதென்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் அரிசி களைவேன்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "கத்தற குதிர சொல்லிட்டுப் பயப்படுது. அதுங்கூட ஒண்ணும் தொல்ல இல்ல. வாயத் தொறக்காம பயப்படுது பாரு, அதான் ஒரு நாளு வண்டியக் கவுக்கும்."

அதே மனிதர் குழம்பில் உப்பு கூடினால் தட்டைச் சுவரில் எறிவார். கல்யாணமான மகனை, அதாவது என் புருஷனை, வண்டி வாரால் அடிப்பார். வாங்கின அடியைப் புருஷன் உள்ளே வந்து என் முதுகில் இறக்குவார். மாமனார் என் மேல் கை வைத்ததே இல்லை. அதற்கு அவசியமே ஏற்படவில்லை. செருப்புச் சத்தம் வாசலில் கேட்டால் என் கை தானாக நின்றுவிடும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. எல்லாரும் எழுந்து போன பிறகு, அடுப்பங்கரையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பேன். "என் மருமவ பரம சாது" என்று அவர் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லையில் எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. என் பிறந்த வீடு திருத்தணிப் பக்கம். புத்தூர் ஆந்திராவில்தான் இருக்கும், அது மட்டும் மெட்ராஸ் பக்கம் போகும் என்றார்கள், போகாது என்றார்கள். இந்த நேரத்தில்தான் என் கொழுந்தனுக்கு என் தங்கையைக் கேட்டு மாமனார் ஆள் அனுப்பினார். தங்கை அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். பதினைந்து வயது. பேச்சை முடிக்க என் அப்பா, எங்களுக்கு நைனா, தனியாகப் புறப்பட்டு வந்தார்.

அன்று என் புருஷனும் கொழுந்தனும் வெளியே போயிருந்தார்கள். மாமனார் நைனாவை முதலில் கொல்லைக்குத்தான் அழைத்துப் போனார். நான் கிணற்றடியில் இலை கழுவிக்கொண்டிருந்தேன். "வந்தப்போ பாக்கணும் சம்பந்தி. ஈ ஓட்டாது. கண்ண இமைக்காது. ஆளு பாத்துகினு இருந்தா புல்லுல வாய் வெக்காது. ஊரே சாதுன்னுச்சு. எனக்கில்ல தெரியும்!" என்று குதிரையின் கழுத்தைத் தடவிப் பெருமை பேசினார். குதிரை வாலை வீசி ஈ ஓட்டிக்கொண்டு புல் மென்றது.

பிறகு இலை போட்டேன். மாமனார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "உங்க பொண்ணு ரெண்டு வருசமா ஒரு வார்த்த எதுத்துப் பேசனதில்ல. சின்னதும் இங்க வந்தா இப்பிடித்தான் ஆயிடும்" என்றார். நைனாவுக்கு முகம் மலர்ந்தது. "நீயும் ஒக்காரும்மா. எங்கூட துன்னு எவ்ளோ நாளாச்சு" என்றார். உட்கார்ந்தேன். இலையில் கை வைத்தேன். தங்கை இதே இடத்தில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"என்னால முடியாது நைனா. யாராவது பாத்துகினு இருந்தா நான் துன்றதில்ல. அந்தக் குதிர மாதிரிதான். இப்பதான மாமா உங்களுக்குச் சொன்னாரு."

நைனாவின் கை பாதியில் நின்றது. நான் மாமனாரைப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தேன். அந்த முகத்தில் கோபம் இருந்தது. ஆச்சரியம் துளிகூட இல்லை. தெரியாதவராக இருந்திருந்தால் திடுக்கிட்டிருப்பார். குதிரையிடம் முதல் நாளே கண்டுபிடித்ததை என்னிடமும் முதல் நாளே கண்டிருக்கிறார். குதிரை பயந்தால் வண்டி கவிழும், அதனால் பயத்தை எடுத்தார். நான் பயந்தால் வீடு ஒழுங்காக நடக்கும், அதனால் விட்டு வைத்தார். இதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நைனா மெதுவாக எழுந்து கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே, "எங்க ஊரு மெட்ராஸ் பக்கம் போயிடும் போலக்குது சம்பந்தி. ரெண்டு பொண்ணயும் வேற ராஜ்ஜியத்துல குடுத்துட்டு நான் இன்னா பண்றது?" என்றார். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண் எடுப்பது யாருக்கும் புதிதல்ல. மாமனாருக்கும் அது தெரியும். "ஆமா, அதுவும் நெசந்தான்" என்றார். இரண்டு பேருக்கும் மரியாதை கெடாமல் பேச்சு முடிந்தது.

தங்கை தப்பித்தாள். படித்து, டீச்சராகி, அவளுக்குப் பிடித்த இடத்தில் வாழ்க்கைப்பட்டாள். நைனா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போதும் போனில், "நைனா மாதிரி வெவரமான ஆளு யாருக்கா? பார்டரக் காட்டி என்னக் காப்பாத்திட்டாரு" என்பாள். நான் உம் கொட்டுவேன். அவள் நைனாவை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.

என் நைனா வேறு. அன்று பேச்சு முடிந்ததும், நைனாவை ஸ்டேஷனில் விட மாமனார் குதிரையைப் பூட்டி வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். நைனா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் என் மூன்று புடவைகளையும் மூட்டையாகக் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். நைனா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வெயிலு ஏறுது, உள்ள போம்மா" என்றார்.