வெள்ளைப் பாரைப் பதிவு செய்த கதை

1. நிரப்ப முடியாத கட்டம்

சுனாமிக்கு அடுத்த வருடம், கல்முனையில் கடல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் தரவுப் பதிவாளராகச் சேர்ந்தேன். அலுவலகம் ஒரு வாடகை வீடு. இரண்டு கணினிகள், ஒரு டெலிபோன் இணைப்பு. பேரலை கடலடியை என்ன செய்தது என்று கண்டறிவதுதான் வேலை. ஆய்வுக்குப் போனவர்கள் ஈரம் காயாத தாள்களைக் கொண்டுவந்து தருவார்கள். திகதி, ஆழம், மீன், பவளம், எண்ணிக்கை எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி 'சிங்க்' பட்டனை அழுத்தினால் கொழும்புக்குப் போய்விடும். அங்கே யாரும் பார்க்கக்கூடிய ஒரு வரைபடத்தில் அது புள்ளியாக விழும்.

என் உம்மாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. கரைப்பக்கமே போகாத நான், நாள் முழுக்கக் கலவா, கிளிமீன், சிங்கி இறால் என்று தட்டிக்கொண்டிருந்தேன். மதிய வெயிலில் கண் சொக்கும்போது அந்தப் பெயர்கள் திரையை விட்டு இறங்கி அறைக்குள் நீந்துவதுபோல் இருக்கும்.

எங்கள் படகோட்டி லாபிர் காக்கா, கல்முனைக்குடிக்காரர்; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். எங்கள் கடல் உயிரியலாளர் சுகந்தி மிஸ்ஸிடம் அவர்தான் முதலில் வெள்ளைப் பார் என்ற கடலடிப் பவளத் திட்டைப் பற்றிச் சொன்னார்.

"பள்ளி மினாராவுக்குப் பின்னால தண்ணி டேங்க் மறையணும் மிஸ். தெற்கால தனித் தென்னை கோயில் கோபுரத்தில முட்டணும். அந்த ரெண்டும் கூடுற இடத்தில வெள்ளைப் பார் கிடக்கு. இப்ப மினாராவும் இல்ல, தென்னையும் இல்ல. பார் அங்கதான் கிடக்கும். எனக்குத்தான் வழி தெரியா."

அவர் சொன்ன மீன்களையும் ஆழத்தையும் பதிந்தேன். மற்ற இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை பழைய கடல் வரைபடத்தில் இருந்தன; வெள்ளைப் பாருக்கு அந்தக் கட்டங்கள் வெறுமையாக இருந்ததால் பதிவு 'சேவ்' ஆக மறுத்தது. யுத்த காலம், கடலுக்கு ஜி.பி.எஸ். கருவி கொண்டுபோக எங்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்தத் தாளை மேசை லாச்சியில் வைத்தேன். சில வருடங்கள் அது அங்கேயே கிடந்தது.

2. சவர்க்காரத்தில் ஒட்டிய மண்

யுத்தம் முடிந்ததும் அனுமதி வந்தது. "நீங்களும் வாங்க. எழுதிறதுக்கு ஆள் வேணும்" என்றார் சுகந்தி மிஸ். நானும் படகேறினேன்.

படகு அலை தாண்டியதும் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா புள்ள?" என்றார் லாபிர் காக்கா.

"ஓம் காக்கா."

"எனக்கும்தான். என்ட ரெண்டு தம்பிமாரும் இதுக்குள்ளதான்."

மினாரா நின்ற திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் படகை நிறுத்தினார். கடலடி மண் ஒட்டிவர ஈயக் குண்டின் அடியில் சவர்க்காரம் பூசி, கயிற்றில் இறக்கி இறக்கித் தூக்கினார். சேறு ஒட்டிவந்தது. கறுப்பு மணல் வந்தது. இரண்டு நாள் அப்படியே போனது. மூன்றாம் நாள் காலை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தபோது, சவர்க்காரத்தில் வெள்ளைத் தூள் மின்னியது. அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜி.பி.எஸ். காட்டிய இரண்டு எண்களையும் எழுதிவிட்டு, அடியில் கண்ணாடி பொருத்திய பெட்டியைத் தண்ணீரில் அழுத்திக் குனிந்தேன். கீழே வெயில் வலைபோல் அசைந்தது. வெள்ளைப் பவளக் கிளைகள் பல உடைந்து சரிந்திருந்தன. உடைந்த நுனிகளில் புதிதாய் ஊதா முளைகள். நூறு சின்ன மீன்கள் ஒரே நேரத்தில் திரும்பின. உம்மா கிடக்கும் இடம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ, மிஸ் தோளைத் தொட்டபோதுதான் நிமிர்ந்தேன்.

3. பிடுங்கிய வயர்

மறுநாள் கட்டங்களை நிரப்பினேன். 'சேவ்' ஆனது. 'சிங்க்' அழுத்தினேன். நீலக் கோடு மெதுவாக நகர்ந்தது. பார்க்க வந்த லாபிர் காக்கா கதிரைக்குப் பின்னால் நின்றார்.

"இத ஆரு ஆரெல்லாம் பாக்கலாம்?"

"எல்லாரும் பாக்கலாம் காக்கா. உலகம் முழுக்க."

"அட்டை குளிக்கிறவங்களும்?"

கடலட்டை பிடிக்கும் சுழியோடிகள் அப்போதுதான் வெளியூர்களிலிருந்து படகு படகாக வரத் தொடங்கியிருந்தார்கள். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நான் மிஸ்ஸ நம்பித்தான் காட்டின" என்றார்.

நீலக் கோடு பாதியைத் தாண்டியிருந்தது. நான் எழும்பி, சுவரிலிருந்த டெலிபோன் வயரைப் பிடுங்கினேன்.

'சிங்க்' அறுந்ததைப் பார்த்துவிட்டு, அதே வயரை மாட்டிக் கொழும்பு மனேஜருக்கு நானே அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க ஆருக்கு வேலை செய்றீங்க? பகிர்றதுக்குத்தானே இந்த சொப்ட்வெயர்?"

"ஓம் சேர். ஆனா தந்தவர்ட்ட நாங்க கேக்கல்ல."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். சுகந்தி மிஸ் எனக்காக நீண்ட கடிதம் எழுதினார். இடம் தெரிந்தால் சுழியோடிகள் வளர்ந்துவரும் பவளத்தை ஒரு பருவத்திலேயே உடைத்துவிடுவார்கள் என்று அதில் விளக்கியிருந்தார். இரண்டு வாரம் கழித்து மனேஜர் அழைத்தார்.

"சரி, நீங்களே ஒரு வழி சொல்லுங்க."

படிவத்தில் இரண்டு புதிய கட்டங்கள் கேட்டேன். இடத்தைக் காட்டியவர் யார்? துல்லியமான இடத்தை யாருக்குக் காட்ட அவர் சம்மதிக்கிறார்? சம்மதம் இல்லாவிட்டால் வரைபடத்தில் புள்ளிக்குப் பதிலாகப் பெரிய வட்டம் விழும். மீன் கணக்கும் பவளக் கணக்கும் எல்லாருக்கும் போகும். மனேஜர் ஒத்துக்கொண்டதும் லாபிர் காக்காவிடம் கேட்டு முதல் பதிவை நிரப்பினேன். யாருக்குக் காட்டலாம் என்றதற்கு அவர் சுகந்தி மிஸ்ஸின் பெயரைச் சொன்னார். கொஞ்சம் யோசித்து என் பெயரையும் சொன்னார்.

இத்துறைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: படிவம் செய்யும்போது எதைப் பதியலாம் என்று யோசிக்குமுன், அதை உங்களுக்குச் சொல்லப்போகிறவர் யார் என்று யோசியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு கொழும்பில் ஒரு கூட்டம். திரையில் எங்கள் கரைக்கு எதிரே வெளிறிய வட்டம் ஒன்று மிதந்தது. புதிதாய் வந்த அதிகாரி ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார்.

"இந்த வெள்ளைப் பார் சரியா எங்க இருக்கு?"

அந்த இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம்.

"கடல்லதான் சேர்" என்றேன்.